கடைவீடு தங்கும் இல்லமானால்: ஜப்பானிய வரவு செலவு

முன்பக்கம் கடை, பின்பக்கம் குடித்தனம் என்ற அமைப்பு நமது வணிகர்களுக்குப் புதிதன்று. ஜப்பானின் பழைய தலைநகரான கியோட்டோவிலும் வியாபாரிகள் இப்படித்தான் வாழ்ந்தார்கள். தெருவைப் பார்த்த முகப்பு அறையில் கடை. அதற்குப் பின்னால் குடும்பம் புழங்கும் அறைகள், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் ஒரு சிறு முற்றம், பெரிய குடும்பமாக இருந்தால் கடைசியில் தடித்த மண்சுவர் வைத்த சரக்குக் கிடங்கு. முகப்பு குறுகல், உள்நீளம் அதிகம். ஆகவே இவ்வீடுகளை ‘விலாங்கு மீனின் படுக்கை’ என்று அவ்வூரார் சொல்வார்கள். ‘மாச்சியா’ என்பது இவற்றின் பெயர்.

இந்த மாச்சியாக்களில் பல இப்போது பயணிகளுக்கு நாள் கணக்கில் விடப்படும் தங்கும் இல்லங்களாக மாறியிருக்கின்றன. பூட்டிக் கிடந்த கட்டடம் மறுபடியும் காசு பார்க்கிறது என்றால் எந்த வியாபாரிக்கும் காது கொடுத்துக் கேட்கத் தோன்றும். ஆனால் வரவை மட்டும் கேட்டுவிட்டுப் போனால் போதாது. பழுது பார்ப்பதில் பணம் எங்கே போகிறது, சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது, பக்கத்துக் கடைக்காரருக்கு இதனால் என்ன ஆகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

வீட்டுக்கு விலை இல்லை

2023ஆம் ஆண்டு ஜப்பான் அரசு எடுத்த வீட்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் சுமார் 90 லட்சம் வீடுகள் ஆளில்லாமல் இருக்கின்றன. மொத்த வீடுகளில் இது 13.8 சதவீதம். அதாவது ஏறத்தாழ ஏழு வீட்டுக்கு ஒரு வீடு காலி. மக்கள்தொகை குறைகிறது, இளைஞர்கள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் போய்விடுகிறார்கள், பெற்றோர் காலமான பின் ஊரில் உள்ள வீட்டைப் பார்க்க ஆளில்லை. இவை எல்லாரும் சொல்லும் காரணங்கள். இவற்றோடு வரியும் தேய்மானமும் சேர்ந்து செய்த வேலை ஒன்று உண்டு.

அந்நாட்டு வருமான வரிக் கணக்கில் மரவீட்டுக்கு ஆயுள் 22 ஆண்டு என்று வைத்துத் தேய்மானம் எழுதுகிறார்கள். நூறு ஆண்டு நின்ற வீடாக இருந்தாலும் 22 ஆண்டுக்குப் பின் ஏட்டில் அதற்கு மதிப்பு இல்லை. சந்தையும் அப்படியே பழகிவிட்டது. பழைய வீட்டோடு மனை விற்பனைக்கு வந்தால் மனைக்குத்தான் விலை பேசுவார்கள். சில இடங்களில் வீட்டை இடிக்கும் செலவை விலையில் கழித்துக்கொள்வார்களாம். அப்படியானால் இடித்துவிட்டு வெறும் மனையாக வைத்துக்கொள்ளலாமே என்றால், அங்கே நிலவரி குறுக்கே வருகிறது. வீடு உள்ள மனைக்கு 200 சதுர மீட்டர் வரை வரி விதிக்கும் மதிப்பை ஆறில் ஒரு பங்காகக் குறைத்துக் கணக்கிடுகிறார்கள். இடித்தால் இந்தச் சலுகை போய்விடும். எனவே வாரிசுகள் விற்பதும் இல்லை, இடிப்பதும் இல்லை, பழுது பார்ப்பதும் இல்லை, பூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அரசு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 2015இல் நடைமுறைக்கு வந்த காலிவீட்டுச் சட்டப்படி, இடிந்து விழும் நிலையில் உள்ள வீட்டுக்கு வரிச் சலுகையைப் பறிக்க நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. 2023 டிசம்பர் முதல், பராமரிப்பு இல்லாத வீடுகளுக்கும் இது நீட்டிக்கப்பட்டது. 2024 ஏப்ரலிலிருந்து, வாரிசாக வந்த சொத்தை மூன்று ஆண்டுக்குள் பெயர் மாற்றிப் பதிவு செய்யாவிட்டால் ஒரு லட்சம் யென் வரை அபராதம். (ஒரு யென் நமது ஒரு ரூபாய்க்கும் குறைவு என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.) பூட்டி வைப்பது இனிச் செலவில்லாத காரியம் அல்ல என்று ஆனபோதுதான், தங்கும் இல்லமாக்கலாமா என்ற கேள்வி பல குடும்பங்களில் எழுந்தது.

கியோட்டோவில் நிலைமை இன்னும் அவசரமானது. 1950இல் கட்டடச் சட்டம் வருவதற்கு முன் கட்டிய மரவீடுகளைத்தான் அந்நகராட்சி மாச்சியா என்று கணக்கில் எடுக்கிறது. 2016இல் எண்ணியபோது சுமார் 40,000 இருந்தன. அதற்கு முந்தைய ஏழு ஆண்டுகளில் நாளொன்றுக்கு இரண்டு வீடு வீதம் இடிபட்டிருந்தது தெரியவந்தது. 2017இல் நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. குறிப்பிட்ட மாச்சியாக்களை இடிக்க நினைப்பவர் ஓராண்டுக்கு முன்பே தகவல் தர வேண்டும். அந்த ஓராண்டில் வேறு வழி தேட நகராட்சி உதவும். இடிப்பதைத் தடுக்கும் விதி அல்ல. யோசிக்க அவகாசம் வாங்கும் விதி.

மலைக்கிராமத்தில் ஒரு முன்னோடி

இத்தொழிலைப் பற்றிப் பேசுவோர் அலெக்ஸ் கெர் என்ற அமெரிக்கரின் பெயரைச் சொல்லாமல் விடுவதில்லை. 1973இல், மாணவராக இருந்தபோதே, ஷிகோகு தீவின் இயா பள்ளத்தாக்கில் கூரை வேய்ந்த பண்ணை வீடு ஒன்றை வாங்கினார். சுமார் முந்நூறு ஆண்டுப் பழமையான வீடு. நடுக்கூடத்தில் தரையோடு பதித்த அடுப்பு; அதன் புகை தலைமுறை தலைமுறையாகப் படிந்து உத்தரங்கள் கருத்து மினுங்கின. அந்த வீட்டுக்கு ‘சியோரி’ என்று பெயர் வைத்தார்.

பின்னர் 2004 வாக்கில் கியோட்டோவில் பழைய மாச்சியாக்களைக் குத்தகைக்கு எடுத்துப் புதுப்பித்து, வீடு முழுவதையும் ஒரே குழுவுக்கு விடும் தொழிலில் இறங்கினார். பழைய வீட்டுக்காகவே பணம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள் என்று அது காட்டியது. சியோரியும் 2012இல் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு விருந்தினருக்குத் திறக்கப்பட்டது. தரைப்பலகைகளைக் கழற்றி, அடியில் குழாய்களையும் குளிர்காப்பையும் சூடேற்றும் அமைப்பையும் வைத்து, மறுபடி பலகைகளை மூடினார்கள். மேலே பார்த்தால் பழைய வீடு. காலடியில் புதிய வீடு. அங்கே நல்ல பழுதுவேலைக்கு இதுவே இலக்கணம்.

பணம் கண்ணில் படாத இடத்துக்குத்தான் போகிறது

பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர் முதலில் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பார். அனுபவமுள்ள தச்சரோ குனிந்து தூணின் அடியைப் பார்ப்பார். மாச்சியாவில் அஸ்திவாரம் தோண்டித் தூண் நடுவதில்லை; தரையில் கற்களை வைத்து அவற்றின் மேல் தூண்களை நிறுத்தியிருப்பார்கள். கல்லும் மரமும் சேரும் அந்த இடத்தில்தான் ஈரமும் கறையானும் ஏறும். அங்கே ஒரு சாண் உளுத்திருந்தாலும் வீடு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், கதவு ஓடாது. பழுது பார்க்க, ஜாக்கி வைத்து வீட்டையே சில அங்குலம் உயர்த்தி, உளுத்த காலை அறுத்தெடுத்து, புது மரத்தை ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று பூட்டும் ஒட்டு வெட்டிச் சேர்க்கிறார்கள். இந்த ஒட்டு வெட்டத் தெரிந்த தச்சர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். கூலி அதற்கேற்ப இருக்கிறது.

அடுத்தது சுவர். மூங்கில் பிளாச்சுகளை வலை போலக் கட்டி, வைக்கோல் கலந்து புளிக்கவைத்த களிமண்ணைப் பல பூச்சாகப் பூசிய சுவர் அது. ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு போட முடியும் என்பதால் நாள் பிடிக்கும். சிமெண்ட் அட்டை அடித்துவிட்டால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஈரத்தை இழுத்து விடும் மண்சுவரின் குணம் போய்விடும்.

கூரையில் பழைய ஓடுகள் ஈரமண் படுக்கையின் மேல் பதித்தவை, பாரம் அதிகம். மண்ணை எடுத்துவிட்டு ஓடுகளைச் சட்டத்தில் பூட்டினால் கூரை இலேசாகும். இது அழகுக்காக அல்ல. 1995 ஜனவரியில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீடு சரிந்து நசுங்கியவர்கள். சரிந்தவற்றில் பழைய மரவீடுகள் மிகுதி. நிலநடுக்க விதிகள் 1981இலும், மரவீடுகளுக்கு மீண்டும் 2000இலும் கடுமையாக்கப்பட்டன. அதற்கு முந்தைய வீட்டில் அந்நியரை விலை வாங்கித் தூங்க வைப்பவர், சுவர்களுக்கு வலுச் சேர்க்காமல் கதவைத் திறப்பது முறையாகாது என்பது எமது கருத்து. இந்தச் செலவு எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. செலவைச் சுருக்க நினைப்பவர் கைவைக்கும் முதல் இடமும் அதுதான்.

குளியலறை, கழிப்பறை, தண்ணீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் புதிதாகவே போட வேண்டும். குளிரையும் சொல்ல வேண்டும். கியோட்டோவின் பழைய வீடுகள் புழுக்கமான கோடைக்காகவே கட்டப்பட்டவை. முகப்பிலிருந்து கொல்லை வரை ஒரே மண்தரை நடை ஓடும், அதில்தான் சமையல், அடுப்புப் புகை மேலேற அந்த இடத்தில் மட்டும் கூரை வரை திறந்திருக்கும். கோடையில் அருமையான காற்றோட்டம். ஜனவரியில் அதே வழியாகக் குளிர் இறங்கும். தரைக்கடியில் குளிர்காப்பு வைக்காதவர்களுக்கு வாடிக்கையாளர் ஒருமுறைதான் வருவார். கதவுநிலைகளின் உயரமும் சுமார் ஐந்தே முக்கால் அடிதான். ஐரோப்பியப் பயணிகள் நெற்றியைத் தடவிக்கொண்டே நடப்பார்கள்.

எதை மாற்றக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கியோட்டோவில் முகப்பு மரக்கம்பியழியைப் பார்த்தே என்ன வியாபாரம் என்று சொல்லிவிடுவார்களாம். அரிசிக்கடை அழி, மூட்டை இடித்தாலும் தாங்கும்படி தடித்த சட்டங்களால் ஆனது. நூல்கடை அழியில் சில சட்டங்களின் மேல்பகுதியை வெட்டி விட்டிருப்பார்கள்; நூலின் நிறத்தைப் பார்க்க வெளிச்சம் வேண்டுமல்லவா? மாடிப்படியின் அடியில் முழுவதும் இழுப்பறைகள் வைத்த பெட்டிப்படியும் உண்டு. ஒரு சாண் இடத்தைக் கூட வீணாக்காத மளிகைக்காரர் எவரும் அதைப் பார்த்தால் நின்றுவிடுவார். விருந்தினர் காசு கொடுப்பது இவற்றுக்காகத்தான். இவற்றைப் பிய்த்துவிட்டுப் புதுமரம் அடித்தவர்கள், கையில் இருந்த சரக்கை எறிந்துவிட்டுக் கடை திறந்தவர்கள்.

இடித்துக் கட்டினால் இதைவிட மலிவு என்று சிலர் கேட்கலாம். பல மாச்சியாக்கள் குறுகிய சந்துக்குள் இருக்கின்றன. நான்கு மீட்டர் அகலமுள்ள சாலையில் மனை இரண்டு மீட்டராவது தொட்டால்தான் புது வீடு கட்ட அனுமதி என்பது அங்குள்ள விதி. சந்து வீட்டை இடித்தால் மறுபடி கட்ட முடியாது. அதனால் விலையும் மலிவு. ஆனால் 2025 ஏப்ரலிலிருந்து, மேல்மாடியுள்ள மரவீட்டில் சுவர், தூண், உத்தரம், கூரை போன்ற முக்கிய உறுப்புகளில் ஒன்றைப் பாதிக்கு மேல் மாற்றுவதானால் கட்டட அனுமதி வாங்க வேண்டும் என்று ஆகிவிட்டது. மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்து வீட்டை வாங்குபவர் இதை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

180 நாள் என்ற பூட்டு

வீடு தயாரானாலும் விருந்தினரை ஏற்ற லைசென்ஸ் வேண்டும். ஒருகாலத்தில் இதைப் பலர் கண்டுகொள்ளவே இல்லை. இணையத்தில் வீட்டைப் பதிந்துவிட்டு, சாவியைக் கதவோரப் பெட்டியில் வைத்துவிட்டு, யார் வருகிறார் யார் போகிறார் என்று தெரியாமலே காசு வாங்கினார்கள். இரவில் பெட்டிச் சக்கரச் சத்தம், தவறான நாளில் வெளியே வைக்கும் குப்பை, தவறான வீட்டுக் கதவைத் தட்டும் அந்நியர் என்று அண்டை வீட்டார் புகார் குவிந்தது. 2018 ஜூன் 15 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. பதிவு எண் இல்லாத வீடுகளை ஏர்பிஎன்பி நிறுவனம் அதற்குச் சில நாள் முன்பு நீக்கியபோது, அதன் ஜப்பானியப் பட்டியலில் ஐந்தில் நான்கு பங்கு ஒரேயடியாக மறைந்துவிட்டது என்று அப்போது செய்தி வந்தது.

இச்சட்டப்படி நடத்தும் தங்கும் இல்லத்துக்கு ‘மின்பாகு’ என்று பெயர். லைசென்ஸ் தேவையில்லை, பதிவு செய்தால் போதும். குடியிருப்புப் பகுதியிலும் நடத்தலாம். சமையலறை, குளியல், கழிப்பறை, முகம் கழுவும் இடம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். ஓர் ஆளுக்கு 3.3 சதுர மீட்டர் இடம் வேண்டும். விருந்தினர் பெயரை ஏட்டில் எழுத வேண்டும், ஜப்பானில் முகவரி இல்லாத வெளிநாட்டவரானால் பாஸ்போர்ட் நகலும் எடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கொரு முறை கணக்கு அனுப்ப வேண்டும். உரிமையாளர் அங்கே தங்காவிட்டால் பதிவுபெற்ற நிர்வாகியிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். இவ்வளவும் சமாளிக்கக் கூடியவை. கழுத்தைப் பிடிப்பது ஒன்றுதான்: ஆண்டுக்கு 180 நாளுக்கு மேல் விருந்தினரை வைக்கக் கூடாது.

அதற்கும் மேலே உள்ளூர் விதி. கியோட்டோவில் குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதியில் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவு வரை மட்டும் மின்பாகு நடத்தலாம். செர்ரிப் பூவும் இல்லை, இலையுதிர் நிறமும் இல்லை, குளிர் மட்டும் உண்டு. வியாபாரம் மந்தமான இரண்டு மாதத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்! மாச்சியா வீடுகளுக்கும், உரிமையாளர் உடன் வாழும் வீடுகளுக்கும் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் ஆளில்லா இல்லமானால், அழைத்தால் பத்து நிமிடத்தில் வந்து சேரும் தூரத்தில் பொறுப்பாளர் இருக்க வேண்டும்.

180 நாள் போதாதவர்கள் 1948ஆம் ஆண்டு விடுதிச் சட்டப்படி ‘எளிய விடுதி’ லைசென்ஸ் வாங்குகிறார்கள். 365 நாளும் நடத்தலாம். சுகாதார நிலையம், தீயணைப்புத் துறை இரண்டும் பார்த்து ஒப்ப வேண்டும். குடியிருப்புக்கென்றே ஒதுக்கிய பகுதிகளில் கிடைக்காது. 200 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீடானால் கட்டட உபயோக மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும். எந்த வழியில் போனாலும் தீ எச்சரிக்கை மணி பெரும்பாலும் கட்டாயம். இன்னொன்று: விருந்தினர் போடும் குப்பை வீட்டுக் குப்பை ஆகாது, வியாபாரக் குப்பை. அதை அள்ளத் தனியே காசு கொடுத்து ஆள் வைக்க வேண்டும்.

பேரேட்டில் எழுதிப் பார்த்தால்

கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பின்வரும் தொகைகள் எந்த வீட்டின் உண்மைக் கணக்கும் அல்ல. முறையை விளக்க எடுத்த எண்கள். வீடு பத்து ஆண்டுக் குத்தகை. பழுதுவேலைக்கு 1 கோடியே 50 லட்சம் யென். பத்து ஆண்டில் முதல் திரும்ப வேண்டுமானால் ஆண்டுக்கு 15 லட்சம். ஓர் இரவுக்கு வீடு முழுவதும் 30,000 யென்.

மின்பாகு முறையில் 180 இரவில் 130 நிரம்பியதாகக் கொள்வோம். வரவு 39 லட்சம். நிர்வாகிக்கு 20 சதவீதம், 7.8 லட்சம். முன்பதிவு நிறுவனத்தின் கமிஷன் 15 சதவீதம், 5.85 லட்சம். ஒருவர் சராசரி இரண்டு இரவு தங்கினால் 65 முறை வீட்டைக் கழுவி, படுக்கை விரிப்பு துவைக்க வேண்டும். முறைக்கு 12,000 என்றால் 7.8 லட்சம். மின்சாரம், தண்ணீர், எரிவாயு, இன்சூரன்ஸ், மணிப் பராமரிப்பு எல்லாம் 5 லட்சம். செலவு 26.45 லட்சம் போக மிச்சம் 12.55 லட்சம். முதலுக்குக் கழிக்க வேண்டிய 15 லட்சத்துக்கே 2.45 லட்சம் துண்டு விழுகிறது. வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய குத்தகை இன்னும் எழுதவே இல்லை.

அதே வீடு எளிய விடுதி லைசென்ஸில் 230 இரவு ஓடினால் வரவு 69 லட்சம். நிர்வாகி 13.8, கமிஷன் 10.35, 115 முறை சுத்தம் செய்ய 13.8, மற்றவை 7 லட்சம். செலவு 44.95 லட்சம் போக 24.05 மிஞ்சும். முதலுக்கு 15 போனால் கையில் 9.05 லட்சம். இதில்தான் குத்தகையும் வரியும். ஆக, வீட்டின் அழகைவிட லைசென்ஸின் வகைதான் லாப நட்டத்தைத் தீர்மானிக்கிறது. மின்பாகு முறையில் பிழைப்பவர்கள் பெரும்பாலும் தம் சொந்த வீட்டில், தாமே துடைத்துத் துவைத்து, நிர்வாகிக் கூலியையும் துப்புரவுக் கூலியையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்பவர்களாகத்தான் இருக்க முடியும்.

பயணிகளும் எல்லா ஆண்டும் வரமாட்டார்கள். 2019இல் ஜப்பானுக்கு 3 கோடியே 18 லட்சம் வெளிநாட்டவர் வந்தார்கள். கொரோனாவால் எல்லை மூடப்பட்டு, 2021இல் வந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் குறைவு. தனிப் பயணிகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2022 அக்டோபரில். 2024இல் வருகை 3 கோடியே 68 லட்சத்தைத் தாண்டியது. கதவு மூடியிருந்த காலத்திலும் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த இரண்டரை ஆண்டைத் தாங்கக் கைக்காசு இல்லாதவர்கள், 2024இன் கூட்டத்தை வெளியில் நின்று பார்த்தார்கள்.

பக்கத்துக் கடை

இதுவரை சொன்னது ஒரு வீட்டின் கணக்கு. தெருவின் கணக்கு வேறு.

கியோட்டோவின் நடுவே நிஷிகி என்ற சந்தைத்தெரு இருக்கிறது. நீளம் சுமார் 390 மீட்டர். கடைகள் சுமார் 130. மீன், காய்கறி, ஊறுகாய், உலர்ந்த கடற்பாசி, சோயாப் பால்கட்டி என்று நகரத்தின் சமையலறையே அதுதான். புகழ்பெற்ற ஓவியர் இதோ ஜாகுசூ இத்தெருவின் மொத்தக் காய்கறி வியாபாரி ஒருவரின் மூத்த மகன் என்பது நமது வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடும். 1770களில், போட்டிச் சந்தையாரின் முயற்சியால் நிஷிகியை மூடும் நிலை வந்தபோது, தூரிகையை வைத்துவிட்டு அதிகாரிகளிடம் நடையாய் நடந்து சந்தையைக் காப்பாற்றினார்.

அந்தச் சந்தைக்கு இப்போது வந்திருப்பது வேறு வகைச் சோதனை. சுற்றுவட்டாரத்தில் வீடுகள் விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன. விடுதியில் தங்குபவர் ஒரு கிலோ முள்ளங்கியோ அரை கிலோ மீனோ வாங்குவதில்லை. குச்சியில் குத்திய ஒரு துண்டு வாங்கி நடந்துகொண்டே சாப்பிடுகிறார். குச்சிக்கடைக்குக் கூட்டம் நெரிகிறது. வாராவாரம் வந்த உள்ளூர் இல்லத்தரசி ஒதுங்கிக்கொள்கிறார். நடந்துகொண்டு சாப்பிடாதீர்கள் என்று சந்தைச் சங்கமே அறிவிப்பு வைக்க நேர்ந்தது. விற்பனை குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் மளிகையும் மீனும் விற்ற இடத்தில் தின்பண்டம் விற்றால், அது முன்பிருந்த கடைதானா? சுற்றுலா ஓய்ந்த ஆண்டில் அந்தக் கடைக்கு யார் வருவார்? 2020இல் இக்கேள்விக்கு விடை தெரிந்தது. வெறிச்சோடிய தெருவில் கைகொடுக்கக் கூடியவர்கள் உள்ளூர் வாடிக்கையாளர்கள் மட்டுமே. அவர்களை விட்டுவிடாத கடைகள் அன்று ஓரளவு மூச்சு விட்டன.

வீடு பிழைத்தது, தெருவும் பிழைத்ததா என்று கேட்கும் முயற்சிகளும் ஜப்பானில் இருக்கின்றன. ஹியோகோ மாகாணத்தில் தம்பா சசாயாமா நகருக்குட்பட்ட மருயாமா என்ற சிற்றூரில் 12 வீடுகள். அவற்றில் 7 காலி. 2009இல் மிஞ்சியிருந்த ஐந்து குடும்பத்தாரும் கூடிப் பேசி, காலி வீடுகளில் சிலவற்றைத் தங்கும் இல்லமாக்கினார்கள். வெளியூரிலிருந்த வீட்டுக்காரர்கள் பத்து ஆண்டுக்கு வாடகை கேட்காமல் வீட்டைக் கொடுத்தார்கள். காலை உணவு சமைப்பதும் வரவேற்பதும் ஊர்க்காரர்கள். வருமானம் வெளியே போகாமல் ஊரிலேயே சுற்றியது. மேலே நாம் போட்ட கணக்கில் குத்தகை, நிர்வாகிக் கூலி, துப்புரவுக் கூலி மூன்றையும் அடித்துவிட்டுப் பார்த்தால் இந்த ஏற்பாட்டின் பலம் புரியும். எல்லா ஊரிலும் வீட்டுக்காரர் இவ்வளவு தாராளமாக இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. சாமான் நிறைந்த வீடு, முன்னோர் வழிபாட்டுப் பீடம் இருக்கும் வீடு, அதை அந்நியருக்குக் கொடுப்பதா என்று தயங்குபவர்களே அதிகம். அந்தப் பேச்சுவார்த்தை தச்சுவேலையைவிட நீளும்.

நகரத்துக்கு ஏற்ற மாதிரி ஒன்று டோக்கியோவின் யானகா பகுதியில் இருக்கிறது. 1955இல் கட்டிய ஒரு மர அடுக்குவீட்டை இடிக்க நாள் குறித்திருந்தார்கள். அங்கே வாடகைக்கு இருந்த மாணவர்கள் விடைகொடுப்பதற்காக ஓர் ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். வந்த கூட்டத்தைப் பார்த்து உரிமையாளர் மனம் மாறினார். 2013இல் அது ‘ஹாகிசோ’ என்ற பெயரில் காபிக்கடையும் காட்சிக்கூடமும் ஆனது. 2015இல் பக்கத்திலுள்ள இன்னொரு பழைய மரக்கட்டடத்தில் ‘ஹனாரே’ என்ற தங்கும் இல்லம் திறந்தார்கள். அதில் உணவகம் இல்லை, பெரிய குளியலறை இல்லை, பரிசுப்பொருள் கடை இல்லை. அவற்றைக் கட்டும் முதலும் மிச்சம். விருந்தினர் முதலில் ஹாகிசோவுக்கு வந்து பெயர் எழுதுவார். அங்கே அவர் கையில் இரண்டு பொருள் கொடுக்கிறார்கள். ஒன்று, தெருமுனைப் பொதுக் குளியலகத்துக்கு டிக்கெட். இன்னொன்று, அந்தப் பேட்டையின் வரைபடம்: எங்கே இரவுச் சாப்பாடு, எங்கே சைக்கிள் வாடகை, எந்தக் கடையில் என்ன வாங்கலாம் என்று கடைகடையாகக் குறித்தது.